ஆவடிக்கு ஆரஞ்சு, அம்பத்தூருக்கு மஞ்சள்

சென்னையின் மேற்குப் புறநகருக்கென்று தனி வார வானிலை அறிக்கை எதுவும் கிடையாது. நுங்கம்பாக்கத்திலுள்ள மண்டல வானிலை ஆய்வு மையம் அடுத்து வரும் நாட்களுக்கு மாவட்டவாரியாகத் தரும் முன்னறிவிப்பில்தான் அம்பத்தூரும் ஆவடியும் பூந்தமல்லியும் அடங்குகின்றன. அதிலும் மூன்றும் ஒரே வரியில் இல்லை. 2018-இல் சென்னை மாவட்டம் விரிவடைந்தபோது அம்பத்தூர் அதில் சேர்ந்தது. ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டத்திலேயே இருக்கின்றன. அதனால் அம்பத்தூருக்கு மஞ்சள் எச்சரிக்கையும் ஆவடிக்கு ஆரஞ்சும் ஒரே நாளில் வருவதுண்டு. இரண்டு ஊருக்கும் நடுவே இருப்பதென்னவோ திருமுல்லைவாயல், அன்னனூர் என்று இரண்டே ரயில் நிலையங்கள்தான்.

இந்த நிறங்கள் பெரும்பாலும் மழையின் அளவை ஒட்டியவை. 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ. வரை பெய்தால் கனமழை. 12 முதல் 20 வரை மிக கனமழை. அதற்கும் மேலே அதி கனமழை. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்பவை ஏறக்குறைய இதே வரிசையில் வரும். ஆயிரம் சதுர அடி மொட்டைமாடியில் 10 செ.மீ. மழை விழுந்தால் சுமார் 9,300 லிட்டர், அதாவது ஒரு தண்ணீர் லாரி அளவு. ஒரு தெருவில் இப்படி எத்தனை மாடிகள் என்று எண்ணிப் பார்த்தால், மஞ்சள் எச்சரிக்கையும் அலட்சியப்படுத்தக் கூடியதல்ல என்பது புரியும்.

அளவைவிட அதிகம் தவறாகப் படிக்கப்படுவது இடத்தைக் குறிக்கும் சொல். 'ஓரிரு இடங்களில்' என்றால் அந்தப் பரப்பிலுள்ள மழைமானி நிலையங்களில் கால்வாசி அல்லது அதற்கும் குறைவானவற்றில் மழை பதிவாகலாம் என்று பொருள். 'ஒருசில இடங்களில்' என்றால் பாதி வரை. 'ஓரிரு இடங்களில் கனமழை' என்ற அறிவிப்பு வந்த நாளில் பூந்தமல்லியில் தூறல்கூட இல்லையென்றால் அறிவிப்பு பொய்த்தது என்று ஆகாது. மழைக்கணக்கு காலை 8.30 மணிக்குத் தொடங்கி மறுநாள் 8.30-க்கு முடிவதால், திங்கள் மாலை கொட்டிய மழை செவ்வாய்க்கிழமைப் பட்டியலில்தான் ஏறும்.

வெயிலுக்கு வேறொரு திருத்தம் தேவை. சென்னை வெப்பநிலை என்று செய்தியில் வருவது நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் நிலையங்களின் அளவு. நுங்கம்பாக்கத்துக்குக் கடல் நான்கைந்து கிலோமீட்டர். அம்பத்தூருக்குச் சுமார் 15, ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் 20. கோடையில் நிலம் சூடேறியதும் கடற்காற்று புறப்படுகிறது. அது கரையோரத்தைக் குளிர்வித்து உள்ளே வந்து சேர்வதற்குள் புறநகரின் உச்சி வெயில் முடிந்திருக்கும். ஜூன் மாதத்தில் மேல்காற்று பலமாக வீசினால் கடற்காற்று இன்னும் தாமதமாகும், சில நாள் வரவே வராது. கத்திரி முடிந்த பிறகும் வெயில் குறையவில்லையே என்ற புலம்பலுக்குக் காரணம் இதுதான். ஆகவே கோடையில் அறிவிக்கப்படும் அளவோடு ஓரிரு டிகிரியைக் கூட்டிக்கொள்வது மேற்குப் பகுதிக்குப் பொருந்தும்.

தாமதமாக வரும் அதே கடற்காற்றுதான் ஜூன் முதல் செப்டம்பர் வரை மாலை மழைக்கும் வழிசெய்கிறது. ஈரமான கடற்காற்றும் வறண்ட மேல்காற்றும் மோதும் இடத்தில் காற்று மேலெழும்பி இடிமேகம் திரளும். திருவள்ளூருக்கு மேற்கேயோ ஆந்திர எல்லை மலைகளை ஒட்டியோ உருவாகும் மேகங்கள் கிழக்கே நகரும்போது, மயிலாப்பூருக்கு முன்பே ஆவடி நனைந்துவிடும். இந்த மழையை ஒரு வாரம் முன்கூட்டி ஊர் பெயரிட்டுச் சொல்ல இயலாது. வார அறிக்கை சொல்வது வாய்ப்பை மட்டுமே. மேற்கே வானம் கறுத்ததும் பார்க்க வேண்டியது ரேடார் படத்தையும், அடுத்த 3 மணி நேரத்துக்கான அறிவிப்பையும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை நிலைமை தலைகீழ். சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் தரும் வடகிழக்குப் பருவமழை கடலிலிருந்து வருகிறது. வங்கக்கடலில் தாழ்வுப் பகுதி உருவாகுமா என்பதை நாலைந்து நாள் முன்பே ஓரளவு நம்பகமாகச் சொல்லிவிடலாம். அது எங்கே கரையேறும் என்பதில்தான் சிக்கல். 2024 அக்டோபர் 16-ஆம் தேதிக்குச் சென்னைக்கும் அண்டை மாவட்டங்களுக்கும் சிவப்பு எச்சரிக்கை வந்தது. வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசைகட்டின. அன்று எதிர்பார்த்த மழை இல்லை. 2021 டிசம்பர் 30 இதற்கு நேர்மாறு: பெரிய முன்னறிவிப்பு இல்லாமலே பிற்பகலில் நகரம் மூழ்கியது, சிவப்பு எச்சரிக்கை பிறகுதான் வந்தது. வார அறிக்கையில் முதல் இரண்டு நாளை நம்பி வேலையைத் திட்டமிடலாம். ஐந்தாம் நாளுக்கு மேல் உள்ளதைப் போக்கு என்றே கொள்ள வேண்டும்.

பருவமழைக் காலத்தில் உள்ளூர் மழை மட்டும் கணக்கல்ல. 2015 டிசம்பர் 2 காலை முடிந்த 24 மணி நேரத்தில் நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. பதிவானது. பூந்தமல்லிக்கு அருகே இருந்தாலும் செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர் அடையாற்றில் கலந்து குன்றத்தூர், மணப்பாக்கம் பக்கம்தான் பாய்கிறது. திருவேற்காடு, நொளம்பூர் மக்கள் கவனிக்க வேண்டியது கூவத்தை. அம்பத்தூர், கொரட்டூர் ஏரிகளோ சுற்றுப்புற மழையிலேயே நிரம்புபவை. இந்தத் தகவல்கள் வானிலை அறிக்கையில் வருவதில்லை. ஏரிகளின் நீர்மட்டத்தையும் திறப்பையும் நீர்வளத் துறையும் மாவட்ட நிர்வாகமும் தனியே அறிவிக்கின்றன.