சோம்பலா, சோர்வா?

தலையான பாவங்கள் ஏழனுள் சோம்பலும் ஒன்று என்று ஞானோபதேசத்தில் கற்றிருக்கிறோம். ஆனால் சோர்வு பாவமன்று. வழிநடந்த களைப்பால் யாக்கோபின் கிணற்றருகே அமர்ந்தவர் நம் ஆண்டவர். புயல் வீசிய கடலிலும் அவர் படகில் அயர்ந்து உறங்கினார். சோம்பலையும் சோர்வையும் பிரித்தறியாத பெரியவர்களால் பிள்ளைகள் படும் துன்பம் கொஞ்சமன்று. விளையாட்டுத் திடலில் இத்துன்பம் இன்னும் மிகுதி. நேற்றுவரை மானெனப் பாய்ந்தோடிய சிறுவன் இன்று பின்தங்கினால், சோம்பேறி என்னும் பட்டம் உடனே அவனுக்குச் சூட்டப்படுகிறது. தண்டனையாக இன்னும் இரு சுற்று ஓடப் பணிக்கப்படுகிறான். அவன் உண்மையிலேயே சோம்பினானா, அன்றி அவன் உடல் தாங்கும் எல்லை கடந்துவிட்டதா என்பதை யார் அறிந்து கூறுவது?

இவ்வினாவுக்கு விடைகாண அறிவியல் நாடும் பொருள்களுள் ஒன்று, நாம் அருவருத்துத் துப்பிவிடும் உமிழ்நீர். இதைக் கேட்டு வாசகர்கள் முகஞ்சுளிக்க வேண்டுவதில்லை. பிறவியிலேயே பார்வையற்ற ஒருவருக்கு ஆண்டவர் உமிழ்நீரால் சேறுண்டாக்கிக் கண்களில் பூசியதை அருளப்பர் எழுதியுள்ளார். காதுகேளாத, திக்கிப் பேசிய ஒருவரை உமிழ்நீர் கொண்டு தொட்டுக் குணமாக்கியதை மாற்கு எழுதியுள்ளார். பழைய ஞானஸ்நானச் சடங்கில் குருவானவர் தம் உமிழ்நீரைத் தொட்டுக் குழந்தையின் செவிகளில் இட்டு, 'எப்பத்தா', அதாவது 'திறக்கப்படு' என்று கூறும் வழக்கமும் இருந்தது. ஆண்டவர் இகழாத அப்பொருள், இன்று இளம் விளையாட்டு வீரர்களின் உடல்நிலைக்குச் சான்று பகர்வது எவ்வாறு என்று காண்போம்.

சுமை தாங்கும் உடல்

1936-ம் ஆண்டில், கனடா நாட்டு மாண்ட்ரியால் நகரின் மக்கில் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஹான்ஸ் செலீ என்னும் அறிஞர், 'நேச்சர்' இதழில் சிறு கட்டுரையொன்றை வெளியிட்டார். கடுங்குளிரோ, காயமோ, அளவுமீறிய உழைப்போ, எது நேரினும் உடல் அதற்கு ஏறத்தாழ ஒரே வகையில் மறுமொழி தருகிறது என்பதே அவர் கண்ட உண்மை. முதலில் உடல் திடுக்கிட்டு விழிப்படைகிறது. அடுத்து எதிர்த்து நின்று தாங்குகிறது. சுமை நீங்காவிடில் இறுதியில் ஓய்ந்து வீழ்கிறது.

இம்மறுமொழியில் முதன்மையான பங்கு வகிப்பவை, சிறுநீரகங்களின்மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள். அவற்றின் புறப்பகுதியில் சுரக்கும் ஹார்மோன்களை ஆராய்ந்தமைக்காகக் கெண்டல், ஹென்ச், ரைக்ஸ்டைன் ஆகிய மூவருக்கும் 1950-ல் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. அந்த ஹார்மோன்களுள் ஒன்றே கார்ட்டிசால். இது நம் பகைவனன்று. இரத்தத்தில் சர்க்கரையை உயர்த்தி, ஓடவும் போராடவும் தேவையான ஆற்றலைத் திரட்டித் தரும் நல்லூழியன் அது. ஆனால் ஊழியனை இரவும் பகலும் ஓயாது ஏவினால் வீடு நிலைகுலைகிறது. கார்ட்டிசால் நெடுநாள் மிகுந்திருந்தால் தசை கரையும், உறக்கம் கெடும், நோயை எதிர்க்கும் ஆற்றல் குன்றும். வளரும் பிள்ளைக்கோ வளர்ச்சியே தடைப்படக்கூடும்.

பயிற்சி என்பதே உடலுக்கு நாம் வேண்டுமென்றே தரும் ஒரு சுமைதான். அச்சுமைக்குப்பின் போதிய ஓய்வும் உணவும் கிடைத்தால் உடல் முன்னிலும் வலிமை பெறுகிறது. ஓய்வின்றிச் சுமைமேல் சுமை ஏற்றினால், எவ்வளவு உழைத்தாலும் திறன் குறைந்துகொண்டே போகும். இதனையே மிகைப்பயிற்சி என்கிறோம்.

ஊசியின்றி ஒரு சோதனை

கார்ட்டிசாலை இரத்தத்திலும் அளக்கலாம். ஆயினும் ஊசியைக் கண்டதும் பிள்ளை நடுங்குகிறது. அந்நடுக்கமே கார்ட்டிசாலை உயர்த்திவிடுகிறது. அளக்கும் செயலே அளவை மாற்றிவிடும் இவ்விடையூறு உமிழ்நீர்ச் சோதனையில் இல்லை. மேலும், இரத்தத்திலுள்ள கார்ட்டிசாலின் பெரும்பகுதி புரதங்களோடு பிணைந்து கிடக்கிறது. பிணைப்பின்றி உலவி வேலை செய்யும் சிறுபகுதியே உமிழ்நீரில் வந்து சேர்கிறது.

இம்முறையை வளர்த்தவர்களுள் ஜெர்மனியின் திரியர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குறிப்பிடத்தக்கவர்கள். நம் ஆண்டவரின் தையலற்ற அங்கி என மரபாகப் போற்றப்படும் திருப்பொருளைப் பேணிவரும் பேராலயம் அமைந்த அதே நகரந்தான் இது.

செய்முறை எளிது. சிறு பஞ்சுச்சுருளை வாயிலிட்டு ஓரிரு நிமிடம் மென்று குழாயில் இடவேண்டும். அல்லது உமிழ்நீரை நேராகவே குழாயில் வடியவிடலாம். பின்பு அதைக் குளிரூட்டிப் பாதுகாத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள். ஆனால் நேரம் தவறலாகாது. கார்ட்டிசால் விழித்தெழுந்த அரைமணி முதல் முக்கால் மணிக்குள் உச்சமடைந்து, பகல் முழுவதும் இறங்கி, நள்ளிரவையொட்டி மிகத் தாழ்கிறது. எனவே ஒருநாள் காலையில் எடுத்ததை மறுநாள் மாலையில் எடுத்ததோடு ஒப்பிடுதல் வீண். உண்டவுடன் எடுப்பதும், பல் துலக்கி ஈறு கசியும்போது எடுப்பதும் தவறான முடிவைத் தரும்.

கான்பெராவின் நீச்சல் வீரர்கள்

உமிழ்நீரில் மற்றொரு காவலரும் உண்டு. இம்யூனோகுளோபுலின் ஏ என்னும் அப்புரதம், வாய், தொண்டை வழியாக நுழையும் கிருமிகளை வாயிலிலேயே மறித்து நிறுத்துகிறது. ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவில் 1981-ல் நிறுவப்பட்ட தேசிய விளையாட்டு நிறுவனத்தைச் சார்ந்த நீச்சல் வீரர்களை, 1990-களில் மரீ கிளீசன் என்னும் அறிஞரும் அவர்தம் குழுவினரும் ஏழு மாதப் பயிற்சிக்காலம் முழுவதும் தொடர்ந்து ஆராய்ந்தனர். மாதங்கள் செல்லச் செல்ல உமிழ்நீரில் இக்காவலரின் அளவு குறைந்தது. அளவு குறைந்திருந்த வீரர்களுக்குச் சளியும் தொண்டை நோயும் மிகுதியாக வந்தன. ஓயாது சளி பிடிக்கும் ஓர் இளைஞனைப் பயிற்சிக்கு வராமலிருக்கச் சாக்குச் சொல்கிறான் என்று கடிந்துகொள்வோர், இவ்வாய்வை எண்ணிப் பார்க்கவேண்டும். அவன் சொன்னது சாக்கன்று, சான்று.

கருவியின் எல்லை

எனினும், ஒரு குழாய் உமிழ்நீர் எல்லா உண்மையையும் உரைத்துவிடும் என்று எண்ணலாகாது. ஒருவருக்கொருவர் இயல்பான அளவே வேறுபடும். பூப்புப் பருவத்தில் உடலின் சுரப்புகளெல்லாம் மாறும். தேர்வுக்கு அஞ்சுவதும், வீட்டில் நடக்கும் சண்டையும்கூடக் கார்ட்டிசாலை உயர்த்தும். ஆகவே ஒருவரின் அளவை அவரது முந்தைய அளவுகளோடு மட்டுமே ஒப்பிடவேண்டும். மிகைப்பயிற்சியைத் தனித்து நின்று உறுதிப்படுத்தும் அடையாளம் எதுவும் இல்லை என்று ஐரோப்பிய, அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கழகங்கள் 2013-ல் கூட்டாக அறிவித்தன.

இன்னும் வியப்புக்குரியது ஒன்றுண்டு. 2016-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஐம்பதுக்கு மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து ஒப்பிட்டனர். இரத்தம், உமிழ்நீர், நாடித்துடிப்பு ஆகியவற்றின் அளவுகளைவிட, வீரரிடமே கேட்டுப் பெறும் விடைகள் பயிற்சிச் சுமையைக் கூர்மையாகவும் சீராகவும் காட்டின என்று கண்டனர். நன்றாக உறங்கினாயா, மனம் எப்படியிருக்கிறது, உடல் வலிக்கிறதா என்னும் எளிய வினாக்களே அவை. நுண்கருவிகளைத் தேடிச் சென்ற அறிவியல், பிள்ளையிடம் அன்பாகக் கேள் என்று நம்மைத் திருப்பி அனுப்பியிருக்கிறது!

யாருக்காக இச்சோதனை?

இங்கே அறநெறி சார்ந்த கேள்வி ஒன்று எழுகிறது. பிள்ளையின் உடலை அளப்பது அவனைக் காக்கவா, அல்லது இன்னும் எவ்வளவு பிழியலாம் என்று அறியவா? வரலாறு நம்மை எச்சரிக்கிறது. முன்னைய கிழக்கு ஜெர்மனியில் 1974 முதல், 14.25 என எண்ணிட்ட இரகசிய அரசுத் திட்டத்தின்கீழ், விளையாட்டு வீரர்களுக்கு ஆண்மை ஹார்மோன் சார்ந்த மருந்துகள் கொடுக்கப்பட்டன. அவர்களுள் பலர் வளரிளம் சிறுமியர். அந்நீலநிற மாத்திரைகள் வைட்டமின்கள் என்றே அவர்களிடம் கூறப்பட்டது. அங்கும் மருத்துவர் இருந்தனர். நுட்பமான அளவுகளும் ஆய்வுக்கூடங்களும் இருந்தன. இல்லாதிருந்தது அப்பிள்ளைகள்மீது மதிப்பு ஒன்றே. அந்நாட்டு விளையாட்டுத் தலைவராயிருந்த மான்ஃப்ரெட் எவால்டு, 2000-ம் ஆண்டில் பெர்லின் நீதிமன்றத்தில் குற்றவாளி எனத் தீர்ப்புப் பெற்றார். வழக்கில் சான்று கூறிய பெண்கள் பலர், உடலில் அழியாத கேடுகளைச் சுமந்து வந்தவர்கள்.

உடல் தூய ஆவியின் ஆலயம் என்று புனித சின்னப்பர் எழுதியது, ஓட்டப்பந்தயங்களை நன்கறிந்த கொரிந்து நகர மக்களுக்கு. இஸ்துமியப் போட்டிகள் அந்நகரின் அருகிலேயே நடைபெற்றன. பந்தயத்தில் ஓடுவோரின் தன்னடக்கத்தைப் போற்றிய அதே திருமடலில்தான், உடல் நம்முடையதன்று, விலைகொடுத்து மீட்கப்பட்டது என்றும் அவர் நினைவூட்டுகிறார். பிறர் பிள்ளையின் உடல் பயிற்சியாளருடைய உடைமையன்று, பெற்றோருடையதுமன்று. ஆகையால் இச்சோதனை நடைபெறும் இடங்களில், பிள்ளைக்கும் பெற்றோருக்கும் விளக்கி இசைவு பெறவேண்டும். முடிவுகளை மருத்துவர் மறைவாகப் பேணவேண்டும். அளவு கூடியது கண்டு ஓய்வளிக்க வேண்டுமேயன்றி, பிள்ளையை அணியினின்று ஒதுக்கிவிடலாகாது.

பெற்றோர் கவனத்திற்கு

உமிழ்நீர்ச் சோதனை எல்லார்க்கும் எட்டுவதன்று, எட்டவேண்டிய தேவையுமில்லை. பிள்ளை நன்கு உறங்குகிறதா? பசியெடுத்து உண்கிறதா? அடிக்கடி சளி பிடிக்கிறதா? காலையில் படுக்கையைவிட்டு எழுமுன் நாடித்துடிப்பு வழக்கத்தினும் மிகுந்துள்ளதா? பெண்பிள்ளையாயின் மாதவிலக்கு நின்றுபோயிற்றா? எல்லாவற்றிற்கும் மேலாக, முன்பு மகிழ்ந்து ஆடிய விளையாட்டு இப்போது கசக்கிறதா? இவற்றைத் தாய் தந்தையர் வீட்டிலிருந்தே காணலாம். ஐயமிருப்பின் மருத்துவரை அணுகலாம். வாரத்தில் ஓரிரு நாளேனும் பயிற்சியின்றி ஓய்வும், ஆண்டில் இரண்டு மூன்று மாதங்கள் அக்குறிப்பிட்ட விளையாட்டினின்று விடுப்பும் வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2007-ல் அறிவுறுத்தியது. ஏழாம் நாள் ஓய்வைக் கட்டளையாகவே தந்த இறைவனின் ஞானத்தை மருத்துவர்களும் வேறு வழியில் வந்தடைந்திருக்கிறார்கள்.

அடுத்தமுறை உங்கள் மகனோ மகளோ திடலிலிருந்து திரும்பி, "முடியவில்லை அம்மா" என்று சொன்னால், சோம்பேறி என்று கடிந்துகொள்ளுமுன் சற்று அமர்ந்து கேளுங்கள். எந்த ஆய்வுக்கூடமும் தருமுன்னரே அச்சொல் உங்களுக்கு உண்மையைத் தரக்கூடும். 'திறக்கப்படு' என்று ஆண்டவர் அன்று உரைத்த சொல், இன்று பெரியவர்களாகிய நம் செவிகளுக்கே உரியது.