கணினி நினைவகம்: தாமே பெருக்குவதோ, பணியாளரை நாடுவதோ?

தச்சநல்லூர் என்னும் பெயரிலேயே தச்சன் உளன். ஆயினும் தளர்ந்த கீலின் திருகை முடுக்க அவ்வூரில் எவரும் தச்சனை அழையார். நிலை சாய்ந்துவிட்டாலோ அவனையன்றிக் கதியில்லை. கணினியில் ராம் என்று வழங்கும் நினைவகத்தைப் பெருக்குவதும் இத்தகையதே.

2011-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டரசு மாணாக்கர்க்கு விலையின்றி அளித்தவை போன்ற பழைய மடிக்கணினிகள் நாளடைவில் மந்தமாகின்றன. நினைவகம் நிரம்பியவுடன் கணினி தன் வட்டினை நாடும். வட்டு விரைவிற் குறைந்ததாதலின் வேலை தேங்கும். நினைவகத்தைப் பெருக்கின் புதுக்கணினி வாங்கும் செலவு சில ஆண்டுகளேனும் தள்ளிப்போகும்.

ஆராயவேண்டுவது ஒன்றே: நினைவகத் தகடு செருகப்பட்டதா, தாய்ப்பலகையில் பற்றவைக்கப்பட்டதா? செருகப்பட்டதாயின், மின்னிணைப்பை நீக்கி, மின்கலத்தைக் கழற்றி, உலோகமொன்றைத் தொட்டு உடலின் நிலைமின்னைப் போக்கியபின் தாமே மாற்றலாம். ஆனால் 2007-இல் வந்த டி.டி.ஆர். 3 வகைக்குரிய இடத்தில், 2014-இல் வந்த டி.டி.ஆர். 4 பொருந்தாது, இரண்டிற்கும் வெட்டு வேறிடத்தில் உளது. பொருந்தாததை அழுத்துவோர் தாய்ப்பலகையையே இழக்க நேரிடும்.

பற்றவைத்ததாயின் கைவைத்தலாகாது, தேர்ந்த பணியாளரிடம் காட்டுக. அவர்க்குக் கூலி தருவது திருகு கழற்றுதற்கன்று, பழுது நேரின் பொறுப்பேற்றற்கே. ஆதலின், நண்பர்காள், அப்பொறுப்பை முன்னரே கேட்டுத் தெளிமின்.