அம்மாவின் கடன் கொப்பியும் நான் படித்த பாடமும்

பல்கலைக்கழகத்தில் என்ன படிக்கிறாய் என்று ஊரில் யாராவது கேட்டால் எனக்குப் பதில் சொல்வது கஷ்டமாக இருக்கும். ஒருமுறை பூவரசங்குளத்தில் தேநீர்க்கடை வைத்திருந்த ஐயா ஒருவரிடம் "வாடிக்கையாளர் உறவு முகாமைத்துவம்" என்று சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "கடைக்கு வாற ஆக்களோட சிரிச்சுக் கதைக்கிறதோ? அதுக்கு ஏன் தம்பி நாலு வருசம்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி நியாயமானது. உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவு படிக்கும் எங்கள் பிள்ளைகள் பலர் இன்று இந்தப் பாடத்தைச் சந்திக்கிறார்கள். அது என்ன பாடம், எங்கள் மண்ணில் அதனால் என்ன நன்மை, எங்கே ஆபத்து என்பதை எனக்குத் தெரிந்த அளவில் இங்கே எழுதுகிறேன்.

பம்பைமடுவில் ஒரு வகுப்பு

நான் படித்த காலத்தில் அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகம். 2021 ஓகஸ்ட் 1 முதல் அது தனியான வவுனியாப் பல்கலைக்கழகமாக இருக்கிறது. மன்னார் வீதியில், பூவரசங்குளத்துக்குப் போகும் வழியில்தான் பம்பைமடு. காலையில் பஸ்ஸில் ஏறினால் வகுப்புக்குப் போய்விடலாம். பாடங்கள் ஆங்கிலத்தில் நடந்தன. முதல் வருடம் பாதி விளங்காமலேயே போனது.

வாடிக்கையாளர் உறவு முகாமைத்துவத்தை உலகம் சுருக்கமாக சி.ஆர்.எம். என்கிறது. அதன் அடிப்படை எளிமையானது. ஒரு வியாபாரம் ஒருவருக்கு ஒருமுறை பொருள் விற்பதோடு முடிவதில்லை. அவர் திரும்பத் திரும்ப வரவேண்டும். அதற்கு அவரைத் தெரிந்திருக்க வேண்டும். லெனார்ட் பெரி என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1983இல் "உறவுச் சந்தைப்படுத்தல்" என்ற சொல்லைக் கையாண்டார். 1990இல் றைக்கெல்ட், சாசர் என்ற இருவர், விலகிப் போகும் வாடிக்கையாளர்களை 5 வீதம் குறைத்தாலே தாங்கள் ஆராய்ந்த துறைகளில் இலாபம் 25 முதல் 85 வீதம் வரை கூடும் என்று எழுதினார்கள். அதன்பிறகு மென்பொருட்கள் வந்தன. 1993இல் சீபல், 1999இல் சேல்ஸ்போர்ஸ்.

இந்தத் துறையில் தமிழர்களுக்கும் பெரிய இடம் உண்டு. சிறீதர் வேம்பு 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனந்தான் இன்றைய சோகோ. அதன் சி.ஆர்.எம். மென்பொருள் 2005இல் வெளியானது. தென்காசிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருந்தும் அந்த நிறுவனம் இயங்குகிறது. கிரீஷ் மாத்ருபூதம் 2010இல் சென்னையில் தொடங்கிய பிரெஷ்டெஸ்க், பின்னர் பிரெஷ்வேர்க்ஸ் என்ற பெயரில் 2021இல் அமெரிக்க நாஸ்டாக் பங்குச்சந்தையில் பதிவானது. வாடிக்கையாளரின் முறைப்பாடுகளைக் கையாளும் மென்பொருளில் தொடங்கிய நிறுவனம் அது.

ஒரு குடும்பத்தின் பெறுமதி

எனக்கு முதலில் விளங்கிய பாடம் "வாடிக்கையாளரின் ஆயுட்காலப் பெறுமதி". அம்மாவின் பலசரக்குக் கடையை வைத்தே அதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு குடும்பம் மாதம் 6,000 ரூபாவுக்குச் சாமான் வாங்குகிறது என்று வைப்போம். கடைக்குக் கிடைக்கும் இலாபம் 8 வீதம், அதாவது 480 ரூபா. வருடத்துக்கு 5,760 ரூபா. அந்தக் குடும்பம் பத்து வருடம் எங்களிடமே வாங்கினால் 57,600 ரூபா. நாளைக்கு வரும் காசு இன்றைய காசைவிடப் பெறுமதி குறைந்தது என்பதால் உண்மையான கணக்கில் தொகை கொஞ்சம் இறங்கும். ஆனால் விடயம் விளங்கும். உடைந்த முட்டைக்கு 150 ரூபா திருப்பிக் கொடுக்க மறுத்து அந்தக் குடும்பத்தோடு சண்டை பிடித்தால் இழப்பது 150 ரூபாவை அல்ல.

இன்னொரு முறை வாடிக்கையாளர்களைப் பிரித்துப் பார்ப்பது. கடைசியாக எப்போது வந்தார், எத்தனை தரம் வருகிறார், எவ்வளவுக்கு வாங்குகிறார் என்ற மூன்றையும் பார்க்க வேண்டும். அடிக்கடி வந்த ஒருவர் இரண்டு மாதமாக வரவில்லை என்றால் ஏதோ நடந்திருக்கிறது. மென்பொருள் அதைச் சிவப்பில் காட்டும். அம்மா அதைக் கொப்பி இல்லாமலே சொல்லுவா: "அந்தப் பிள்ளை இப்ப வாறேல்லை, கடன் கூடிப்போச்சுது எண்டு வெக்கப்படுது. கண்டால் வரச்சொல்லு."

கொப்பி அழிந்த பிறகு

எங்கள் சொந்த இடம் பூவரசங்குளம் இல்லை. அக்கராயனில் அம்மாவுக்குக் கடை இருந்தது. 2008இல் இடம்பெயர்ந்தபோது அம்மா கடன் கொப்பியையும் ஒரு பையில் சுற்றி எடுத்துக்கொண்டா. தர்மபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று அதுவும் எங்களோடு வந்தது. பிறகு ஒருநாள் அதை விட்டுவிட்டா. அதில் இருந்த பெயர்களில் சிலர் அப்போது உயிரோடு இல்லை. அதைத் திறந்து பார்க்க அவவால் முடியவில்லை.

2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் தண்ணீருக்கு வரிசையில் நின்றபோது ஒருவர் அம்மாவிடம் வந்தார். "அக்கா, உங்கட கடையில எனக்கு ஆயிரத்துச் சொச்சம் கிடக்கு. இப்ப கையில ஒண்டும் இல்லை. ஆனால் மறக்கேல்லை" என்றார். அம்மா, "அதை விடுங்கோ தம்பி" என்றா. முகாமில் இருந்து வெளியே வந்து நாங்கள் பூவரசங்குளத்தில் பெரியம்மா வீட்டோடு இருந்து சின்னதாகக் கடை போட்ட பிறகு, அவர் விசாரித்து வந்து காசைத் தந்துவிட்டுப் போனார். அந்தக் கடனுக்கு எந்த எழுத்தும் இருக்கவில்லை. வகுப்பில் "நம்பிக்கை", "பற்றுறுதி" என்ற இரண்டு சொற்களைப் படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது அந்த அண்ணையின் முகந்தான்.

மென்பொருளுக்குத் தெரியாதது

படிப்பின் கடைசி வருடம் ஒரு நிதி நிறுவனத்தில் பயிற்சிக்குப் போனேன். அங்கேதான் இந்தப் பாடத்தின் மறுபக்கத்தைப் பார்த்தேன். வாராவாரம் தவறாமல் தவணை கட்டும் பெண்கள் கணினித் திரையில் "சிறந்த வாடிக்கையாளர்" என்று பச்சையில் வருவார்கள். அவர்களுக்கு அடுத்த கடன் தருவதாகத் தொலைபேசியில் சொல்வது என் வேலைகளில் ஒன்று. நானும் சொன்னேன்.

பச்சையில் இருந்த ஒரு அக்காவை ஒருநாள் வீட்டில் போய்ச் சந்தித்தேன். அவ வேறு இரண்டு இடங்களில் கடன் எடுத்துத்தான் எங்கள் தவணையைக் கட்டிக்கொண்டிருந்தா. தோட்டையும் அடகு வைத்திருந்தா. கணவர் காணாமல் போனவர். "பிந்தினால் குழுவில இருக்கிற மற்ற ஆக்கள் கட்டவேண்டி வரும் தம்பி. அவையின்ர முகத்தில எப்பிடி முழிக்கிறது?" என்றா.

எங்கள் மென்பொருளுக்கு அவ நேரத்துக்குக் காசு கட்டுவது தெரியும். எங்கே இருந்து கட்டுகிறா என்பது தெரியாது. அந்தத் தரவை வைத்துக்கொண்டு நான் அவவுக்கு மூன்றாவது கடனை விற்கப் போயிருந்தேன். வடக்கில் நுண்கடன் எவ்வளவு பெரிய சுமையாக மாறியது என்பது எல்லோருக்கும் தெரியும். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கமே முன்வர வேண்டியிருந்தது.

இந்தப் பாடம் ஒரு கத்தி மாதிரி. உறவு என்ற சொல்லை எடுத்துவிட்டு வாடிக்கையாளர், முகாமைத்துவம் என்ற இரண்டை மட்டும் வைத்தால் அது ஆட்களைப் பின்தொடரும் கருவியாகிவிடும்.

பெயர் எழுதும் பயம்

ஆய்வுக்காகக் கேள்விக்கொத்தோடு வீடு வீடாகப் போனபோது ஒரு வயதான அம்மா பெயர் சொல்ல மறுத்தா. "பேர் எழுத வந்த ஆக்கள் எல்லாரும் எழுதிக்கொண்டு போனவை. என்ர மகன்ர பேரையும் எழுதினவை. ஒருத்தரும் திரும்பி வந்து ஒண்டும் சொல்லேல்லை" என்றா. நான் பேனையை மூடி வைத்துவிட்டேன்.

வேறு நாட்டுப் பாடப்புத்தகம் வாடிக்கையாளரிடம் பெயர், தொலைபேசி இலக்கம், பிறந்த திகதி வாங்கு என்று இலகுவாகச் சொல்லிவிடும். பட்டியல்களில் பெயர் இருந்ததால் பயந்து வாழ்ந்த சனத்திடம் அது இலகுவான கேள்வி இல்லை. எதற்காகக் கேட்கிறோம், யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்போம் என்பதை முதலில் சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் கேட்கக் கூடாது.

இலங்கையில் இதற்கு இப்போது சட்டமும் இருக்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன்னைப் பற்றி ஒரு நிறுவனம் வைத்திருக்கும் தகவலைக் கேட்டுப் பார்க்கவும், பிழையைத் திருத்தவும், கொடுத்த சம்மதத்தை மீளப் பெறவும் ஒருவருக்கு உரிமை தருகிறது. கட்டங்கட்டமாக நடைமுறைக்கு வரும் வகையில் அது எழுதப்பட்டிருக்கிறது. கடைகளும் நிறுவனங்களும் அடையாள அட்டைப் பிரதி கேட்கும்போது "ஏன்?" என்று கேட்க எங்கள் ஆட்கள் பழக வேண்டும்.

படிக்க நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு

இந்தப் பாடத்தைத் தாராளமாகப் படியுங்கள். வங்கி, காப்புறுதி, தொலைத்தொடர்பு, ஹோட்டல், மென்பொருள் என்று வேலை வாய்ப்புள்ள இடங்கள் பல. சோகோவின் சி.ஆர்.எம்மை மூன்று பேர் வரை இலவசமாகப் பாவிக்கலாம். பட்டம் முடியும்வரை காத்திருக்காமல் அதில் கைப்பழக்கம் எடுங்கள். எக்செல்லை நன்றாகப் படியுங்கள். ஆங்கிலத்தைக் கண்டு பின்வாங்க வேண்டாம், இரண்டாம் வருடத்தில் பிடிபடும். பயிற்சிக்குப் போகும் இடத்தில் திரையில் பச்சை நிறத்தில் ஒரு பெயரைக் கண்டால், ஒருதரமாவது அந்த வீட்டுக்குப் போய்ப் பாருங்கள்.

நான் இப்போது கடைக்கு ஒரு சின்னக் கணினிக் கணக்கு வைத்திருக்கிறேன். யார் எவ்வளவு தரவேண்டும் என்பது அதில் உடனே தெரியும். அம்மா அதை ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "இதில ஆருக்குச் சொல்லிக் கேக்கலாம், ஆரிட்டக் கேக்கக் கூடாது எண்டு இருக்கோ?" என்று கேட்டா. அதற்கும் ஒரு நிரல் போட்டேன். அதை நிரப்புவது இன்னும் அம்மாதான்.