முதற்படியில் ஒரு பசும்பாத்தி

மகாளய அமாவாசை நெருங்கும்போதே பரண்மீதுள்ள பொம்மைப் பெட்டிகள் நினைவுக்கு வந்துவிடுகின்றன. அவற்றை இறக்கித் தரப் பிள்ளைகள் அருகில் இல்லை; ஏணியில் ஏற முழங்கால் இணங்குவதில்லை. பரம்பரையாக வைத்து வந்த கொலுவை நிறுத்தலாகாதே என்ற அச்சம் ஒருபுறம், உடலின் இயலாமை மறுபுறம். முதியோர் மட்டுமே வாழும் பல இல்லங்களில் இன்று இதுவே நிலை.

கொலுப்படிகளை மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என ஒற்றைப்படையில் அமைப்பது மரபு. அடிப்படியில் புல், செடி, கொடி முதலான ஓரறிவு உயிர்கள். அதற்கு மேல் நத்தை, சங்கு. பின்னர் எறும்பு, வண்டு, விலங்கு, மனிதர், மகான்கள், தேவர்கள் என வளர்ந்து, உச்சியில் கலசத்துடன் அம்பிகை எழுந்தருள்கிறாள். மற்றப் படிகளுக்கு உரியவற்றை மண்ணிலோ மரத்திலோ காகிதக் கூழிலோ செய்துதான் வைக்க இயலும். அடிப்படிக்கு உரியவற்றை மட்டும் உயிரோடேயே வைக்கலாம்.

எங்கள் பாட்டியார் எண்பதைக் கடந்தபின் ஏழு படிகளை விட்டு ஒரே பலகைக்கு வந்தார். ஒரு கலசம், செஞ்சந்தன மரப்பாச்சி இரண்டு, அவற்றின் முன்னே பித்தளைத் தாம்பாளத்தில் தளிர்த்து நிற்கும் கேழ்வரகு. அவ்வளவே அவருடைய கொலு. தாம்பூலம் வாங்க வந்தவர்கள் அந்தப் பசுமையின் முன்னே சற்று நேரம் நின்றுவிட்டே அமர்வார்கள். கொலு சிறுத்துவிட்டது என்று ஒருவரும் சொன்னதில்லை.

அவர் செய்த முறை எளிது. ஆழமில்லாத தட்டில் இரண்டு விரற்கடை உயரத்திற்கு மணல் கலந்த மண்ணைப் பரப்புவார். அமாவாசைக்கு நான்கைந்து நாட்கள் முன்பாக, ஓர் இரவு ஊறிய கேழ்வரகை நெருக்கமாகத் தூவி, மேலே மெல்லியதாக மண் போர்த்தி, ஈரத்துணியால் மூடிவிடுவார். முளை கண்டதும் துணியை நீக்கி, காலை வெளிச்சம் படும் இடத்தில் வைப்பார். வெந்தயமும் கடுகும் இரண்டு மூன்று நாட்களிலேயே முளைத்துவிடும். ஆதலால் அவற்றைப் பின்னர்த் தூவினால் போதும். நாட்பட்ட தானியம் முளைக்காது. அம்மன் கோயில் முளைப்பாரியை இருட்டறையில் வளர்ப்பதால் அது வெளிர்மஞ்சளாக நெடிதுயரும். கொலுப் பாத்திக்கோ வெளிச்சம் வேண்டும். நீரைக் கையால் தெளிக்க வேண்டுமே அன்றி ஊற்றலாகாது. ஒருமுறை நான் செம்போடு ஊற்றிவிட்டேன். விதைகள் யாவும் அழுகிப்போயின. பாட்டியார் கடிந்து கொள்ளவில்லை. மறுநாளே வெந்தயத்தை ஊறவைத்தார்.

திருக்கோயில்களில் பிரம்மோற்சவத்திற்கு முன் நிகழும் அங்குரார்ப்பணத்தை அன்பர்கள் அறிவார்கள். தூய இடத்திலிருந்து மண்ணெடுத்து, பாலிகைகளில் இட்டு, நவதானியங்களை விதைப்பர். பயிர்களுக்கு அதிபதி சந்திரன் என்பதால் அதனை இரவில் செய்வர். முளை செழித்தால் விழாவும் செழிக்கும் என்பது நம்பிக்கை. திருமண வீட்டுப் பாலிகையும் இவ்வழி வந்ததே. இல்லத்துக் கொலுவில் நாம் இடும் விதையையும் இவற்றின் தங்கை என்று கொள்ளலாம்.

பாத்தியைச் சூழ்ந்து செய்ய வேண்டியவற்றை நாற்காலியில் அமர்ந்தபடியே செய்யலாம். பழைய பட்டுப்புடவைக் கரையிலிருந்து மரப்பாச்சிக்கு ஆடை தைக்கலாம். கைக்கண்ணாடியைச் சுற்றி மணலைக் கரைகட்டினால் தெப்பக்குளம். கசக்கிய காகிதத்தின்மீது களிமண் பூசினால் மலை. தென்னங்குருத்தில் கிளி முடையத் தெரிந்தவர்கள், பேரக்குழந்தைகள் வந்திருக்கும்போது அதைக் கற்றுக்கொடுத்துவிட வேண்டும். கற்பிப்பார் குறைந்து வருகின்றனர். கடையில் விற்கும் பிளாஸ்டிக் புல்விரிப்பு ஆண்டுதோறும் உதவும் என்பது மெய்தான். ஆயினும் அதற்கு நீர் தெளிக்க வேண்டுமே என்று விடியலில் எழுவார் யாருமில்லை. பாட்டியார் அந்த நாட்களில் எங்கள் அனைவருக்கும் முன்பே எழுந்துவிடுவார். தாம்பாளத்தின் அருகே சென்று, நேற்றைக்கு இன்று எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று விரலை வைத்து அளந்து பார்ப்பார்.

விசயதசமி இரவு ஆரத்தி எடுத்து, மரப்பாச்சியைப் படுக்க வைப்போம். மறுநாள் பொம்மைகள் பெட்டிக்குள் செல்லும். முளைகளை மட்டும் பாட்டியார் பெட்டியருகே கொண்டு போகமாட்டார். மண்ணோடு எடுத்துத் துளசி மாடத்தின் அடியில் சேர்ப்பார். சில ஆண்டுகளில் ஐப்பசி மழைக்கு அங்கே இரண்டொரு கேழ்வரகுக் கதிர் நிமிர்ந்து நிற்கும்.