தவறும் பொறுப்பும்: ஐரோப்பியத் தீங்கியற் சட்டத்தின் கருத்து வளர்ச்சி

ஒருவருக்கு நேர்ந்த இழப்பை யார் சுமத்தல் வேண்டும்? இழந்தவரே சுமப்பதா, விளைத்தவர் சுமப்பதா, அன்றிச் சமுதாயம் பகிர்ந்துகொள்வதா? தீங்கியற் சட்டம் இவ்வினாவையே அடித்தளமாகக் கொண்டது. ஐரோப்பாவில் இதற்குக் கிடைத்த விடை காலந்தோறும் வேறுபட்டது. மனிதனையும் சமுதாயத்தையும் பற்றி அவ்வக்காலத்தார் கொண்ட கருத்துக்களே அவ்வேறுபாட்டிற்குப் பெரிதும் காரணமாயின.

பண்டை உரோமரின் பன்னிரு பலகைச் சட்டம், உறுப்பைச் சிதைத்தவன் இழந்தவனோடு இணக்கங் காணாவிடின், அவனுக்கும் அவ்வாறே செய்யலாம் என விதித்தது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் எழுந்த அக்குவிலியச் சட்டம், உடைமைக்கு நேர்ந்த அழிவிற்குப் பொருள் செலுத்துமாறு பணித்தது. ஆயினும் அது குறித்த சில தீங்குகளையே எடுத்தோதிற்று. எல்லாவற்றையும் தழுவும் பொது விதியொன்றைக் கூறவில்லை.

அப்பொது விதிக்கு வித்திட்டது சமயச் சிந்தனை. பிறரிடமிருந்து நீதியின்றிப் பறித்ததை மீளக் கொடாதவனுக்கு ஈடேற்றமில்லை என 13ஆம் நூற்றாண்டில் தோமஸ் அக்குவைனஸ் போதித்தார். இவ்வறக் கடமையைச் சட்டக் கடமையாக்கியோருள் தலைசிறந்தவர் ஒல்லாந்து அறிஞர் குரோசியசு. தவற்றினால் இழப்பு விளைவித்தவன் அதனை ஈடுசெய்தல் இயற்கை நீதி என அவர் 1625இல் வெளியிட்ட நூலில் நிறுவினார். 1804ஆம் ஆண்டின் பிரெஞ்சுக் குடியியற் சட்டக்கோவை, தன் 1382ஆம் உறுப்புரையில் இக்கொள்கையை ஒரே வாக்கியத்தில் அடக்கிற்று. 2016 முதல் அது 1240ஆம் உறுப்புரையாக விளங்குகின்றது.

தனிமனித சுதந்திரத்தைப் போற்றிய 19ஆம் நூற்றாண்டிற்கு இக்கொள்கை மிகவும் உவப்பாயிற்று. தன் விருப்பின்படி செயலாற்றுபவன் தன் தவற்றுக்கு மட்டுமே பொறுப்பாளியாவான். தவறில்லையேல் பொறுப்புமில்லை என்பது அக்கால நியாயம். ஆனால், இயந்திரம் அந்நியாயத்தைச் சோதனைக்குள்ளாக்கியது. கொதிகலன் வெடித்துத் தொழிலாளி மாண்டவிடத்து எவர் தவற்றையும் எண்பித்தல் அரிது; அவன் மனைவி மக்களோ ஆதரவற்று நின்றனர்.

பிரசியா 1838இலேயே புகையிரதக் கம்பனிகள் மீது தவற்றைச் சாராத பொறுப்பைச் சுமத்தியது. யேர்மனி 1884இல் தொழில் விபத்துக் காப்புறுதியை ஏற்படுத்தியது. பிரான்சில், இழுவைப் படகொன்றின் கொதிகலன் வெடித்து இயந்திரத் தொழிலாளி ஒருவர் இறந்த வழக்கில், குறைபாடு மறைந்திருந்ததாயினும் உரிமையாளரே பொறுப்பாளி என 1896இல் உயர் நீதிமன்றம் தீர்த்தது. தொழிலின் பயனை நுகர்வோர் அதன் இடரையும் ஏற்றல் வேண்டும் என்னும் கோட்பாட்டைச் சலேயும் யோசரானும் 1897இல் விளக்கினர். மறு ஆண்டே தொழில் விபத்துச் சட்டம் பிறந்தது. குறைபாடுடைய பொருள்களின் உற்பத்தியாளர் மீதும் இத்தகைய பொறுப்பை ஐரோப்பிய சமூகம் 1985இல் விதித்தது.

இங்கிலாந்து வேறு வழியே சென்றது. 1932இல் தொனகியூ எதிர் ஸ்ரீவன்சன் வழக்கில் அற்கின் பிரபு, அயலானை நேசி என்னும் விவிலியக் கட்டளையை அயலானுக்குத் தீங்கிழையாதே என்னும் சட்ட விதியாக மாற்றிக் கவனயீனத்திற்குப் பொது அடிப்படை வகுத்தார்.

தவற்றுக் கொள்கை மனிதனின் சுதந்திரத்தைக் காக்கின்றது. இடர்க் கொள்கை நலிந்தோனைக் காக்கின்றது. முன்னதை மட்டும் கொண்டால் ஏழை இழப்பைச் சுமப்பான். பின்னதை மட்டும் கொண்டால் மனிதரின் விழிப்புணர்வு தளரலாம். குரோசியசு விளக்கிய உரோம-ஒல்லாந்தச் சட்டத்தையே தீங்கியலின் அடிப்படையாகக் கொண்ட இலங்கைக்கும் இவ்விரண்டையும் சமன்செய்யும் பணி உரியதேயாம்.