5.98% என்பது 6% ஆகுமா? ரவுண்ட் பண்றதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

2011 சட்டமன்றத் தேர்தலில் ரிஷிவந்தியத்தில் ஜெயித்துத்தான் விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவர் ஆனார். தே.மு.தி.க.வுக்கு 29 இடங்கள், 7.88% ஓட்டு. இந்த 7.88-ஐ ஒரு டேஷ்போர்டில் போட்டால் '8%' என்று காட்டும். பார்க்க நீட்டா இருக்கும். ஆனால் 8 என்ற எண்ணுக்குத் தேர்தல் ஆணையத்தில் தனி மதிப்பு உண்டு.

இன்றைய விதிப்படி ஓர் இடம்கூட ஜெயிக்காத கட்சியும் 8% ஓட்டு வாங்கினால் மாநிலக் கட்சி ஆகலாம். 2024 மக்களவைத் தேர்தலுக்குப் பிறகு நாம் தமிழர் கட்சி அங்கீகாரம் பெற்றது இந்த வழியில்தான். தே.மு.தி.க.விடம் 29 எம்.எல்.ஏ.க்கள் இருந்ததால் அதற்கு இந்த வழி தேவைப்படவில்லை.

ம.தி.மு.க.வுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 2006-ல் 6 இடங்கள், 5.98% ஓட்டு. 6% ஓட்டும் 2 எம்.எல்.ஏ.க்களும் வேண்டும் என்பது விதி. எம்.எல்.ஏ. கணக்கு ஓகே, ஓட்டில் 0.02 குறைந்தது. 2009 மக்களவைத் தேர்தலில் கிடைத்ததும் ஈரோடு மட்டும்தான். 2010-ல் அங்கீகாரம் போனது. இதே 5.98-ஐ ஒரு தசமத்துக்கு ரவுண்ட் பண்ணிப் பாருங்க: 6.0. உங்க ஷீட்டில் கட்சி பாஸ்!

பவர் குவெரியில் என்ன செய்யலாம்?

ஒரிஜினல் காலத்தைத் தொடவே வேண்டாம். 'தகுதி உண்டா' என்ற காலத்தை முழு தசமங்கள் இருக்கிற அந்த எண்ணை வைத்தே கணக்கிடுங்கள். ரவுண்ட் பண்ணுவது கடைசியில், காட்டுவதற்கு மட்டும். அதையும் 'கஸ்டம் காலம்' போட்டு நிபந்தனையோடு செய்யலாம்: எண் 6-க்கோ 8-க்கோ அரை சதவீதம் பக்கத்தில் இருந்தால் இரண்டு தசமம், இல்லையென்றால் ஒன்று போதும்.

இன்னொரு சிக்கலும் இருக்கு. சரிபாதியில் நிற்கும் எண்ணை பவர் குவெரி இரட்டைப்படை எண் பக்கம் தள்ளும். அதனால் 2.5 அங்கே 2 ஆகும், 3.5 மட்டும் 4 ஆகும். எக்செலின் ரவுண்ட் ஃபார்முலாவில் 2.5 போட்டால் 3 வரும். இரண்டிலும் ஒரே விடை வேண்டுமென்றால் ரவுண்டிங் மோடில் 'அவே ஃப்ரம் ஜீரோ' கொடுக்கணும்.

சில இடங்களில் விதியே ரவுண்ட் பண்ணச் சொல்கிறது. மாநிலத்தின் ஒவ்வொரு 25 மக்களவைத் தொகுதிக்கும், மிச்சமிருக்கும் பின்னத்துக்கும் தலா ஓர் எம்.பி. இருந்தாலும் அங்கீகாரம் உண்டு. தமிழ்நாட்டில் 39 தொகுதிகள். 25-ஆல் வகுத்தால் 1.56, எனவே 2 எம்.பி. வேண்டும். 2024-ல் சிதம்பரம், விழுப்புரம் என இரண்டில் ஜெயித்த வி.சி.க. இந்தக் கணக்கில் தேறியது. இங்கே விடை 1.04 ஆக இருந்தாலும் 2-தான். சாதாரண ரவுண்ட் போட்டால் தப்பாகிவிடும், 'ரவுண்ட் அப்' போடணும்.

டெபாசிட் கணக்கு போடுறவங்களுக்கு ஒரு டிப்ஸ். வரம்பு, செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்கு. அதை 16.67% என்று டைப் செய்யாதீங்க. வேட்பாளரின் ஓட்டை 6-ஆல் பெருக்கி, மொத்த ஓட்டைவிட அதிகமா என்று மட்டும் பாருங்க. தசமமே வராது.