மூக்கில் குழாயோடு வீடு திரும்பிய நாள்

பெரியப்பாவை டிஸ்சார்ஜ் செய்தபோது மணி நாலு. காலையிலிருந்து பில், மருந்துக்கடை, கையெழுத்து என்று அலைந்துவிட்டு வார்டுக்கு வந்தால், அவர் படுத்திருந்த கட்டிலில் அடுத்த ஆளுக்கு விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தார்கள். அவர் ஸ்ட்ரெச்சரில் கிடந்தார். பக்கவாதம் வந்து பதினெட்டாம் நாள். மூக்கில் சாப்பாட்டுக் குழாய், இடுப்போரம் மூத்திரப் பை. “ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஃபீட் குடுங்க, திருப்பித் திருப்பிப் படுக்க வையுங்க” என்று ஒரு செவிலியர் நடந்தபடியே சொல்லிவிட்டுப் போனார். அண்ணி தலையாட்டினார், புரிந்து ஆட்டவில்லை. வேன் செஞ்சியைத் தாண்டிச் சிங்கவரம் சாலையில் குலுங்கியபோது குழாயை ஒட்டியிருந்த பிளாஸ்திரி பாதி பிரிந்து தொங்கியது. அதை அழுத்தி ஒட்டலாமா, தொடவே கூடாதா என்று வண்டியிலிருந்த நான்கு பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை.

டிஸ்சார்ஜ் என்றால் நோய் முடிந்தது என்று ஊரில் எல்லோரும் நினைக்கிறோம். மூன்று ஷிப்டில் ஆறேழு பேர் பார்த்த வேலை ஒரு மருமகளின் கைக்கு மாறுகிறது, அவ்வளவுதான். அது எப்படி மாறுகிறது என்பதில்தான் பாதி ஆபத்து இருக்கிறது. ஆள் வைப்பது அதற்கு அடுத்த கவலை.

ஆகவே வேலையை வார்டிலேயே தொடங்க வேண்டும். டிஸ்சார்ஜுக்கு இரண்டு நாள் முன்பே, வீட்டில் பார்த்துக்கொள்ளப் போகிறவர் செவிலியரின் கண் முன்னால் தன் கையால் குழாயில் ஒரு வேளை ஊற்றிப் பார்க்க வேண்டும், ஒரு தடவை புரட்டிப் படுக்கவைத்துப் பார்க்க வேண்டும். கேட்டால் முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை. நோயாளிக்கும் குடும்பத்துக்கும் புரியும் மொழியில் விளக்கம் பெறுவது, 2019ல் மத்திய சுகாதார அமைச்சகம் மாநிலங்களுக்கு அனுப்பிய நோயாளி உரிமைப் பட்டயத்தில் உள்ள விஷயம். டிஸ்சார்ஜ் சம்மரியில் மருந்தின் பெயர் மட்டும் போதாது. மூத்திரக் குழாய் போட்ட தேதி, மாற்ற வேண்டிய தேதி, பழைய மாத்திரைகளில் எவை தொடர வேண்டும், எவை நிறுத்த வேண்டும் என்பதும் அதில் வேண்டும். வேறு வேறு கம்பெனிப் பெயரில் ஒரே ரத்த அழுத்த மாத்திரையை இரண்டாக விழுங்குகிறவர்கள் நம்மிடையே நிறைய. சிகிச்சைப் பதிவுகளின் நகலைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002லிருந்தே மருத்துவர்களுக்கான விதி.

இன்னொன்று, ‘மருத்துவர் ஆலோசனையை மீறி, சொந்த விருப்பத்தில் அழைத்துச் செல்கிறோம்’ என்று ஒரு தாள் வரும். மருத்துவமனையே அனுப்புகிறது என்றால் அதில் கையெழுத்துப் போடாதீர்கள். பின்னால் ஏதாவது ஆனால் அந்த ஒரு வரிதான் முதலில் வெளியே வரும்.

நாங்கள் இதில் எதையும் செய்யவில்லை. நேராக, வீட்டுக்கு நர்ஸ் அனுப்பும் ஒரு பீரோவுக்குப் போன் போட்டோம். பெயர் வேண்டாம். “டிரெய்ண்டு நர்ஸ் சார், இருபத்திநாலு மணி நேரமும் கூடவே இருப்பாங்க” என்றார்கள். ஒரு மாதப் பணம் முன்கூட்டியே. மறுநாள் ஒரு பெண் பையோடு வந்து இறங்கினாள். மூன்றாம் நாள் அவள் பெரியப்பாவை மல்லாக்கப் படுக்கவைத்தபடியே கஞ்சித்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். தொண்டையில் களகளவென்று சத்தம், பிறகு ஓயாத இருமல். அண்ணி ஓடிவந்து அவரைத் தூக்கி உட்கார வைத்தார். குழாயில் ஊற்றும்போது தலையும் நெஞ்சும் முப்பதிலிருந்து நாற்பத்தைந்து டிகிரி வரை உயர்ந்திருக்க வேண்டும். ஊற்றிய பிறகும் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் அப்படியே வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் உணவு மேலேறி நுரையீரலுக்குள் போகும். அதில் வரும் நிமோனியா ஆளையே கொண்டுபோகும். குழாய் வெளியே வந்துவிட்டால் வீட்டில் யாரும் உள்ளே தள்ளக்கூடாது.

“எங்கம்மா படிச்ச?” என்று கேட்டேன். “பீரோவுல ஒரு வாரம் சொல்லிக் குடுத்தாங்கண்ணா.” நாங்கள் கட்டியதில் பாதிகூட அவள் கைக்குப் போகவில்லை. மூன்று ராத்திரியாக அவள் சரியாகத் தூங்கவும் இல்லை. அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

செவிலியர் வேறு, அட்டெண்டர் வேறு. செவிலியர் என்றால் பட்டமோ டிப்ளமோவோ படித்து, தமிழ்நாடு செவிலியர் மற்றும் மகப்பேறு உதவியாளர் குழுமத்தில் பதிவு செய்தவர். பதிவு எண் இருக்கும். அதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. சொல்லத் தயங்கினால் அவர் செவிலியர் அல்ல என்றே வைத்துக்கொள்ளலாம். ஊசி, நரம்பில் ஏற்றும் மருந்து, குழாய் மாற்றுவது எல்லாம் அவர் வேலை. குளிப்பாட்டுவது, புரட்டுவது, துணி மாற்றுவது, நடக்கப் பழக்குவது அட்டெண்டர் வேலை. உங்கள் நோயாளிக்கு எது தேவை என்று முதலில் மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். பலருக்கு முழுநேர செவிலியர் தேவைப்படாது. செவிலியர் பணம் கொடுத்து அட்டெண்டரை வாங்குவதுதான் இந்தத் தொழிலில் நடக்கும் பெரிய ஏமாற்று.

பீரோவோடு பேச்சு எதுவானாலும் தாளில் வரட்டும். வருகிறவரின் பெயர், ஆதார் நகல், தகுதி, வேலை நேரம், லீவு போட்டால் மாற்று ஆள் எத்தனை மணி நேரத்துக்குள், பாதியில் நிறுத்தினால் முன்பணத்தில் எவ்வளவு திரும்பும், எல்லாமும். பணத்தை வங்கி வழியாகக் கொடுங்கள், ரசீது வாங்குங்கள். வீட்டு வேலைக்கு வருகிறவரைப் பற்றிக் காவல்துறைச் சரிபார்ப்புக்கு, தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். நகையையும் ஏடிஎம் கார்டையும் உள்ளே வைப்பது அவரை அவமதிப்பதாகாது, அவரையும் சேர்த்துக் காப்பாற்றும்.

எங்கள் வீட்டில் திருப்பம் வந்தது வேறு வழியில். பக்கத்து வீட்டு ஆயாவுக்குச் சர்க்கரை மாத்திரை கொடுக்க மாதாமாதம் வருகிற பெண் எட்டிப் பார்த்தார். “ஏங்க்கா, முன்னாடியே சொல்லக்கூடாதா? இதுக்குத்தானே நாங்க இருக்கோம்” என்றார். மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தின் தன்னார்வலர். 2021 ஆகஸ்ட் 5ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய அந்தத் திட்டத்தை மாத்திரைத் திட்டம் என்றே நினைத்திருந்தேன். படுத்த படுக்கையானவர்களுக்கு வலி தணிப்புச் செவிலியர் வருவதும், பிசியோதெரபி சொல்லித்தர ஆள் வருவதும், வயிற்று வழி டயாலிசிஸ் செய்பவர்களுக்குப் பை தருவதும் அதற்குள் அடக்கம். காசு கிடையாது. 2024ல் ஐ.நா. அமைப்பின் விருது வாங்கியது பேப்பரில் வந்திருந்தது. நம் தெருவுக்கே வருகிறது என்பது என் கண்ணில் படவில்லை.

அடுத்த வாரம் செவிலியர் வந்தார். வந்ததும் பெரியப்பாவை ஒருக்களித்து, இடுப்புக்குக் கீழே முதுகெலும்பு முடிகிற இடத்தில் விரலால் அழுத்தினார். சிவப்பு. விரலை எடுத்தபின்னும் சிவப்பு மாறவில்லை. “புண்ணு ஆரம்பிச்சாச்சு” என்றார். எங்கள் ஊரான சிங்கவரத்து மலையில் குடைவரைக்குள் அரங்கநாதர் பல்லவர் காலத்திலிருந்து ஒரே கிடையாகக் கிடக்கிறார். அவர் கல். சதைக்கு இரண்டு மணி நேரம்தான் கெடு. காற்றுப்படுக்கை வாங்கிப் போட்டிருக்கிறோமே என்றோம். போட்டாலும் புரட்டத்தான் வேண்டுமாம். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகாலை அந்தரத்தில் விட்டார். விரிப்பின் சுருக்கத்தை இழுத்துவிட்டார். மூத்திரப் பையைக் கட்டில் மேலிருந்து எடுத்துக் கீழ்ச் சட்டத்தில் கட்டினார். பை இடுப்புக்கு மேலே போனால் மூத்திரம் திரும்பி ஏறிக் கிருமியும் ஏறும். கடைசியாக ஒரு நாற்பது பக்க நோட்டு கேட்டார். மணி, எந்தப் பக்கம், எவ்வளவு ஊற்றியது, எவ்வளவு மூத்திரம் என்று கோடு போட்டுக் கொடுத்தார். ஆபத்து வந்தால் மருத்துவருக்கும், வழக்கு வந்தால் நுகர்வோர் ஆணையத்துக்கும் அந்த நோட்டுதான் பேசும்.

இந்தத் திட்டத்தில் வருகிறவர்கள் முழுநேரம் உட்காரமாட்டார்கள், அதை எதிர்பார்க்கக்கூடாது. ஆனால் ஆள் வைக்கும் முன் துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லிவிட்டால், எவ்வளவுக்கு ஆள் தேவை என்பதே தெளிவாகிவிடும். யாரைக் கேட்பதென்று தெரியாவிட்டால் மருத்துவ உதவி எண் 104.

பீரோ ஏற்பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு மீதிப் பணத்தைக் கேட்டோம், இழுத்தடித்தார்கள். 1915 என்பது தேசிய நுகர்வோர் உதவி எண். அங்கே புகார் பதிவு செய்ததும் பாதிப் பணம் வந்தது. வராவிட்டால் விழுப்புரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருப்போம். பீரோ எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்பது 2019ஆம் ஆண்டுச் சட்டம் தந்த வசதி. கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், வக்கீல் கட்டாயமில்லை. பணம் வாங்கும் தனியார் மருத்துவமனைகளும் இதற்குள் வரும். எல்லோருக்கும் இலவசமாகப் பார்க்கும் அரசு மருத்துவமனை வராது. அதற்கு ‘முதல்வரின் முகவரி’ புகார் எண் 1100. அடித்தாலோ திருடினாலோ நேரே காவல் நிலையம். முதியவரைக் கவனிக்காமல் விட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தால் முதியோர் உதவி எண் 14567.

சொல்லச் சங்கடமான ஒன்றும் உண்டு. கவனிப்பின்மை பீரோவிலிருந்து மட்டும் வருவதில்லை. ‘கடைசிவரை பார்த்துக்கொள்கிறோம்’ என்ற நிபந்தனையோடு வீட்டை எழுதி வாங்கிவிட்டுக் கைவிட்டால், 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவுப்படி அந்தப் பத்திரத்தையே ரத்து செய்யக் கேட்கலாம். நிபந்தனை பத்திரத்திலேயே எழுதியிருப்பது நல்லது. மனு வருவாய்க் கோட்ட அளவிலான தீர்ப்பாயத்துக்குப் போகும். எங்கள் பக்கத்துக்கு அது திண்டிவனம்.

காப்பீடு பற்றிச் சுருக்கமாக: டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய மருந்து, பரிசோதனைச் செலவைப் பல பாலிசிகள் குறிப்பிட்ட நாள்வரை தரும். அட்டெண்டர் சம்பளத்தைப் பெரும்பாலும் தராது.

இப்போது பெரியப்பாவைப் பார்க்க வருகிறவர் பக்கத்து ஊர்ப் பெண். பீரோ இல்லை. காலை ஏழு முதல் மாலை ஏழு, ராத்திரி நாங்கள். சம்பளம் அவர் கணக்கிலேயே விழுகிறது, வாரம் ஒரு நாள் லீவு. மல்லாட்டை பிடுங்கும் நாட்களில் வீட்டில் யாரும் இருக்கமாட்டோம், அப்போது மட்டும் நேரத்தை மாற்றிக்கொள்கிறோம். வேலைக்குச் சேரும்போது அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “அமாவாசைக்கு மட்டும் சாயங்காலம் நேரத்தோட விட்டுடணும், மேல்மலையனூர் ஊஞ்சலுக்குப் போவணும்.” அதையும் தாளில் எழுதினோம். போன அமாவாசையன்று அவர் நாலு மணிக்கே கிளம்பிவிட்டார். நோட்டில் அன்றைய ஆறு மணிக் கட்டத்தில், இடப்பக்கம் என்று என் கையெழுத்து இருக்கிறது.